பஸ்ஸின் நெற்றியில் ஒரு பெயர்

போன முறை நம் பழைய மாணவர் சந்திப்பில், மதியப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலைக்காரர் எழுபதுகளில் படித்த சீனியர். "எப்படி சார் வந்தீங்க?" என்று கேட்டேன். "பாண்டியன்லதான் வந்தேன்ப்பா, நல்லா தூங்கிட்டு வந்தேன்" என்றார். எதிர்ப் பந்தியில் இருந்த ஜூனியர் பையன், "டிரெயினா சார்?" என்றான். சீனியர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "டிரெயின் எங்கப்பா வந்தது? பஸ்ஸு!" என்றார்.

பாண்டியன் என்ற பெயரில் பஸ் ஓடி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் மதுரைப் பக்கம் 'பாண்டியன்', கோவைப் பக்கம் 'சேரன்', கும்பகோணத்தில் 'சோழன்', நெல்லையில் 'கட்டபொம்மன்' என்றுதான் சொல்கிறார்கள். நமக்குப் பின்னால் வந்த பேட்ச்களுக்கு இது ஒன்றும் புரியாது. அந்தப் பெயர்கள் எப்படி வந்தன, ஏன் ஒரே நாளில் எல்லாம் போயின என்பதை எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. மலர்க் குழுவினரும் "எதையாவது எழுதுங்க, ஆனா சாஃப்ட்வேர் பத்தி மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை, மெக்கானிக்கல். ஆனால் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது பஸ். பெரியப்பா விருதுநகர் மாவட்டத்தில் ஒரு டெப்போவில் முப்பது வருஷம் கண்டக்டர். தோல்பையும் விசிலும் டிக்கெட் கட்டும் எங்கள் வீட்டு விளையாட்டுச் சாமான்கள்.

தமிழ்நாட்டில் பஸ் என்பது தனியார் சமாச்சாரமாகத்தான் தொடங்கியது. மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912ல் பஸ் விட்டார். கோவைப் பக்கம் ஜி.டி. நாயுடு 1920ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டினார். பிறகு அது யு.எம்.எஸ். என்று பெரிய கம்பெனியானது. டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய பீப்பாயைக் கட்டி, கரியை எரித்து, அந்த கேஸில் ஓட்டினார்கள். மேட்டில் ஏறாவிட்டால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டியதுதான்!

இந்தப் பழம்பெருமையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒரு விஷயம் உண்டு. காசு கொடுத்தாலும் எல்லாரையும் அந்தப் பஸ்களில் ஏற்றவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்ன பஸ் முதலாளிகள் இருந்தார்கள். அன்றைக்கு ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக 1920களின் கடைசியில் வந்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சுயமரியாதை இயக்கத்துக்காரர். சென்னை தி.நகர் பாண்டி பஜார் என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பாண்டி இவர்தான். ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து செய்யப்படும் என்று அவர் உத்தரவு போட்டார். யாருக்கும் உபதேசம் செய்யவில்லை, லைசென்ஸில் கை வைத்தார். முதலாளிகளுக்கு உடனே புரிந்துவிட்டது.

இன்றைய விருதுநகர் மாவட்டம் அந்தப் பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்து 1985ல் பிரிந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அரசாங்கம் பஸ் ஓட்ட வந்தது சுதந்திரத்தை ஒட்டி. 1947ல் சென்னை நகரத்தில் சர்க்கார் பஸ் வந்தது. மற்ற ஜில்லாக்களில் அடுத்த இருபத்தைந்து வருஷமும் தனியார் ராஜ்யம்தான். பிறகு தி.மு.க. ஆட்சியில், கருணாநிதி முதல்வராக இருந்தபோது, 1971ல் ஒரு சட்டம் கொண்டுவந்து நிறைய பெர்மிட் வைத்திருந்த பெரிய கம்பெனிகளின் பஸ்களை எடுத்துக்கொண்டார்கள். மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் போயின. ஓரிரண்டு பஸ் வைத்திருந்த சின்ன முதலாளிகளை விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் நம் ஊர்களில் அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே ஸ்டாண்டில் நின்று "ஏறுங்க, ஏறுங்க, உடனே கிளம்பிரும்" என்று கூவுவதற்குக் காரணம் இதுதான்.

எடுத்த பஸ்களை ஒரே இலாகாவாக வைத்துக்கொள்ளாமல் ஊருக்கு ஒரு கம்பெனியாகப் பிரித்தார்கள். பல மாநிலங்களில் 1950ஆம் வருஷத்து மத்தியச் சட்டத்தின் கீழ் மாநிலம் முழுக்க ஒரே கார்ப்பரேஷன். தமிழ்நாட்டில் மட்டும் கம்பெனிச் சட்டத்தில் பதிவு செய்த தனித்தனிக் கழகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேனேஜிங் டைரக்டர், ஒரு ஹெட் ஆபீஸ், சொந்தமாக பாடி கட்டும் யூனிட், டயர் ரீட்ரெடிங் ஷாப். ஒரு இன்ஜினியராகச் சொல்கிறேன், இது நல்ல ஏற்பாடு. மதுரைக்காரன் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் எடுக்கிறான், கோயம்புத்தூர்க்காரன் எத்தனை எடுக்கிறான் என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. டீசல் சிக்கனத்தில் தமிழ்நாட்டுக் கழகங்கள் அகில இந்திய அளவில் பேர் வாங்கியதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம். டி.வி.எஸ். காலத்து நேரந்தவறாமை போய்விட்டது என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டி.வி.எஸ். லாபம் வரும் ரூட்டில் ஓட்டினார்கள். கழகங்கள் நஷ்டம் என்று தெரிந்தே கண்மாய்க்கரை மேலேயெல்லாம் ஓட்டின. இரண்டுக்கும் ஒரே கடிகாரம் வைக்க முடியாது.

சரி, பெயருக்கு வருவோம். 1972 ஜனவரி முதல் தேதி சென்னையில் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. அதே வருஷம் மதுரையில் பாண்டியன், கும்பகோணத்தில் சோழன், கோவையில் சேரன். மூவேந்தரும் ஒரு பல்லவனும்! தமிழ், தமிழர் பெருமை என்று மேடையில் பேசிய ஆட்சி, அதை பஸ்ஸின் நெற்றியிலும் எழுதியது. படிக்கத் தெரியாதவர்கள்கூட 'சேரன் வந்திருச்சு' என்றார்கள். பஸ்ஸுக்குள்ளே டிரைவர் தலைக்கு மேல் திருக்குறள் பலகை, வெளியே ராஜாவின் பெயர்.

அடுத்து சேலத்தில் அண்ணா, நெல்லையில் 1974ல் கட்டபொம்மன், விழுப்புரத்தில் தந்தை பெரியார். வெளியூர் எக்ஸ்பிரஸ் பஸ்களுக்கு 1980ல் திருவள்ளுவர். எம்.ஜி.ஆர். காலத்திலும் அதன் பிறகும் கழகங்கள் குட்டி போட ஆரம்பித்தன. மருதுபாண்டியர், ஜீவா, நேசமணி, பட்டுக்கோட்டை அழகிரி, தீரன் சின்னமலை, ராணி மங்கம்மாள், வீரன் அழகுமுத்துக்கோன், அன்னை சத்யா, ராஜீவ் காந்தி... சென்னையிலும் 1994ல் பல்லவனைப் பிரித்து டாக்டர் அம்பேத்கர் என்று இன்னொரு கழகம். மொத்தம் ஏறக்குறைய இருபது கழகம் ஆகிவிட்டது.

ஏன் இத்தனை? நிர்வாக வசதி என்று அரசாணையில் இருக்கும். ஒரு கழகம் பிரிந்தால் ஒரு ஊருக்கு ஒரு ஹெட் ஆபீஸ், ஒரு சேர்மன் நாற்காலி, கொஞ்சம் வேலை, கூடவே ஒரு பெயர் கிடைக்கும். வேலை சில நூறு பேருக்கு. பெயர் லட்சம் பேருக்கு! செலவோ பெயிண்ட் செலவு மட்டும். எந்த அரசியல்வாதிதான் விடுவான்? தேர்தல் வருஷத்தில் பாலம் கட்ட முடியாது, பஸ்ஸுக்குப் பெயர் வைக்கலாம்.

அந்தப் பட்டியலை மறுபடி ஒரு தரம் பாருங்கள். சேரனுக்கும் சோழனுக்கும் இன்றைக்கு வாரிசு என்று உரிமை கொண்டாடினாலும் அது மேடைப் பேச்சோடு சரி. ஆனால் வருஷம் போகப் போகப் பெயர்கள் நம் காலத்துக்குக் கிட்டே வந்தன. தீரன் சின்னமலை என்றால் ஒரு சமூகம், அழகுமுத்துக்கோன் என்றால் ஒரு சமூகம் என்று ஜனங்கள் சொல்லாமலே கணக்குப் போட்டார்கள். "அவங்களுக்கு வச்சாச்சு, நமக்கு எப்போ?" என்ற கேள்வி வந்தது. கேட்டவர்கள் மீது குற்றம் சொல்ல மாட்டேன். கேள்வியைச் சொல்லிக் கொடுத்ததே அரசாங்கம்தான்.

தெற்கு மாவட்டங்களில் அப்போது நிலைமை வேறு. 1995 ஜூலையில் சங்கரன்கோவில் பக்கம் வீரசிகாமணியில் ஒரு பஸ் டிரைவருக்கும் பள்ளிக்கூட மாணவர்களுக்கும் தகராறு. அதில் பற்றிய தீ ஊர் ஊராகப் பரவியது. அந்த ஆகஸ்ட் 31ஆம் தேதி தூத்துக்குடி மாவட்டம் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடு வீடாகச் சூறையாடியது நாடு முழுக்கப் பேசப்பட்டது. தேவேந்திரகுல வேளாளர்களுக்கும் தேவர் சமூகத்தினருக்கும் நடுவே ரத்தக்களறி நின்றபாடில்லை.

இந்தச் சூழ்நிலையில்தான் 1996ல் மறுபடி ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு, விருதுநகரைத் தலைமையாக வைத்து ஒரு புதிய போக்குவரத்துக் கழகத்தை அறிவித்தது. பெயர் வீரன் சுந்தரலிங்கனார். யார் இவர்? கட்டபொம்மனின் படைத் தளபதி, வெள்ளைக்காரனை எதிர்த்து உயிரை விட்டவர், தேவேந்திரகுலத்தில் பிறந்தவர். இந்தக் கடைசி விவரம்தான் பிரச்சினை. கட்டபொம்மன் பெயரைத் தாங்கி நெல்லைச் சீமையில் இருபத்து மூன்று வருஷம் பஸ் ஓடியது, ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அவருடைய தளபதியின் பெயர் பக்கத்து மாவட்டத்தில் இரண்டு மாசம் தாங்கவில்லை.

1997 மே மாதம் கழகம் தொடங்கியது. அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்த்தரப்பு ஊர்களில் சொல்லிவிட்டார்கள். மறியல், கல்வீச்சு, பஸ் எரிப்பு, துப்பாக்கிச்சூடு. பதிலுக்கு மறுபக்கமும் அடிதடி. இரண்டு பக்கமும் உயிர்கள் போயின.

பெரியப்பாவின் டெப்போவும் புதிய கழகத்துக்குள் வந்திருந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. பெரியம்மா வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள், எனக்கு அதுதான் ஞாபகம். மற்றதெல்லாம் பின்னால் அவர் சொல்லக் கேட்டது. பஸ் தொழிலில் நைட் ஹால்ட் என்று ஒன்று உண்டு. கடைசி டிரிப் ஒரு கிராமத்தில் போய் நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸிலேயோ பள்ளிக்கூடத் திண்ணையிலோ படுத்திருந்து, காலை ஐந்து மணிக்கு முதல் டிரிப் எடுப்பார்கள். பால்கேன், பூக்கூடை, காய்கறி மூட்டை, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் எல்லாம் அந்த முதல் டிரிப்பில்தான். கலவரம் வந்ததும் முதலில் நின்றது நைட் ஹால்ட். பஸ்ஸை ராத்திரி கிராமத்தில் விட்டுவைக்க யாருக்குத் தைரியம் வரும்? ஹால்ட் நின்றால் விடிகாலை டிரிப் கிடையாது. பிறகு இருட்டினால் பஸ் கிடையாது. பிறகு போலீஸ் வேன் முன்னால் போனால்தான் பஸ்.

"பேரு பிடிக்கலைன்னு ஏறாதவங்க ஊருக்கும் பஸ் இல்லை, பேரு வேணும்னு நின்னவங்க ஊருக்கும் பஸ் இல்லை. பொட்டி தூக்கிக்கிட்டு ரெண்டு ஊர்க்காரனும் ஒரே ரோட்டுலதான் நடந்தான். ஒருத்தனை ஒருத்தன் பாக்காம நடந்தான்" என்று பெரியப்பா சொல்வார். ஒரு நாள் முன்கண்ணாடி கல் பட்டுச் சிலந்தி வலை மாதிரி ஆகி, டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டே டெப்போ வரைக்கும் ஓட்டி வந்திருக்கிறார். வந்ததும் இருவரும் செய்த முதல் வேலை, பையில் இருந்த கலெக்‌ஷனை எண்ணிக் கட்டியதுதான். அது குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களே!

அரசாங்கத்துக்கு இரண்டு வழி இருந்தன. ஒன்று, சுந்தரலிங்கனார் பெயரை மட்டும் எடுப்பது. அப்படிச் செய்தால் கல்லெறிந்தவர்களுக்குப் பணிந்ததாக ஆகும், அந்த மக்களின் மனம் என்ன பாடுபடும்? இன்னொன்று, எடுத்தால் எல்லாவற்றையும் எடுப்பது. அனைத்துக் கட்சிகளையும் கலந்து பேசி இரண்டாவதைச் செய்தார்கள். 1997 ஜூலை முதல் போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் எதற்கும் தலைவர்கள் பெயர் கிடையாது என்று ஆனது. பெரியார் மாவட்டம் ஈரோடு ஆனது, காமராஜர் மாவட்டம் விருதுநகர் ஆனது, பசும்பொன் மாவட்டம் சிவகங்கை ஆனது, சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. பஸ்களில் யாருமே ஆட்சேபம் சொல்லாத திருவள்ளுவரும் போனார். அவர் இப்போது அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம். பல்லவன் மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆனது. பாண்டியனும் கட்டபொம்மனும் 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், மதுரை' என்பதன் கீழே டிவிஷன் நம்பர்களாக மாறினார்கள்.

அது சரியான முடிவா? நானும் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் கல்வீச்சை நிறுத்த வேறு வழி இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. பஸ் மறுபடி ஓடியது, ஹால்ட் மறுபடி வந்தது. ஆனால் கணக்கை நேர் செய்துவிட்டார்கள் என்று சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. மற்ற பெயர்களில் பலவும் இருபது, பத்து வருஷம் நெற்றியில் மின்னிவிட்டுப் போனவை. இந்த ஒரு பெயர் வந்த வேகத்தில் போனது. இவர்கள் முறை வந்தபோது ஆட்டமே கலைக்கப்பட்டது என்று அந்த மக்கள் நினைத்தால் அதற்கு என்ன பதில்? ஜில்லா போர்டுத் தலைவர் லைசென்ஸைக் காட்டி ஏற்ற வைத்த அதே சீமையில், எழுபது வருஷம் கழித்து, உள்ளே யார் உட்காரலாம் என்ற சண்டை ஒருவாறு முடிந்து, வெளியே யார் பெயர் இருக்கலாம் என்ற சண்டை வந்தது. உட்காருவதும் முழுக்க முடிந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. 2025 மார்ச்சில்கூட தூத்துக்குடி மாவட்டத்தில் பரீட்சைக்குப் போன ஒரு பள்ளி மாணவனை, பஸ்ஸை மறித்து, இறக்கி வெட்டினார்கள்.

பெயிண்டர்கள் அந்த ஜூலையில் ராவும் பகலுமாக வேலை பார்த்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பஸ், சும்மாவா? அவசரத்தில் ஒரே கோட் அடித்ததால் வெயில் பட்டதும் பழைய எழுத்து மங்கலாக எட்டிப் பார்க்கும். எங்கள் தெருவழியே போகிற பஸ்ஸில் 'பாண்டியன்' வருஷக்கணக்காகத் தெரிந்துகொண்டிருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்த வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

பெயர் போன பிறகு விவரம் தெரிந்தவர்கள் நம்பரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அரசு பஸ் என்றால் பதிவெண்ணில் 'என்' எழுத்து இருக்கும். டி.என். 58 என் என்றால் மதுரை, 72 என் என்றால் நெல்லை, 38 என் என்றால் கோவை, 68 என் என்றால் கும்பகோணம், 67 என் எங்கள் விருதுநகர். ஹாஸ்டலில் இருந்தபோது ஊர் ஞாபகம் வந்தால் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று 67 வருகிறதா என்று பார்த்த ஆள் நான் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்!

வேடிக்கை என்னவென்றால் ரயில்காரர்கள் எதையும் மாற்றவில்லை. பல்லவன், சோழன், சேரன், பாண்டியன் நான்கு எக்ஸ்பிரஸும் இன்றைக்கும் ஓடுகின்றன. அந்த ஜூனியர் பையன் "டிரெயினா?" என்று கேட்டதில் தப்பே இல்லை.

கழகங்களின் எண்ணிக்கையும் பிறகு குறைந்தது. பிரித்ததையெல்லாம் மறுபடி சேர்த்து, சென்னை மாநகர், விரைவு, விழுப்புரம், கும்பகோணம், சேலம், கோவை, மதுரை, திருநெல்வேலி என்று இப்போது எட்டு. பஸ்கள் சுமார் இருபதாயிரம். அரசியல் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டதா என்றால், எங்கே? நெற்றியில் இருந்து டிக்கெட்டுக்கு இடம் மாறியிருக்கிறது. 2018 ஜனவரியில் கட்டணத்தை ஏற்றியபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், சில நாட்களிலேயே கொஞ்சம் குறைத்தார்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்தது. எல்லாருக்கும் தெரிய வேண்டுமே என்று பஸ்ஸின் மூஞ்சியில் பிங்க் பெயிண்ட்! எழுத்து இல்லாமலே செய்தி சொல்லும் வித்தை திரும்பி வந்துவிட்டது. பெரியம்மா இப்போது கோயிலுக்கு, அக்கா வீட்டுக்கு என்று வாரத்துக்கு மூன்று தரம் கிளம்பிவிடுகிறார். வீட்டுக்காரர் கண்டக்டராக இருந்த காலத்தில்கூட இத்தனை பஸ் ஏறியதில்லையாம்.

பெரியப்பா ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. தலைவர்கள் பெயர் இருந்த காலத்துப் பழைய டிக்கெட்டுகளை ஒரு சிகரெட் பெட்டித் தகர டப்பாவில் வைத்திருக்கிறார். பாண்டியனும் கட்டபொம்மனும் நிறைய இருக்கின்றன. வீரன் சுந்தரலிங்கனார் கழகத்து டிக்கெட் ஒன்றே ஒன்றுதான், அதிலும் பாதி கிழிந்தது. நம் சீனியர்கள் யாரிடமாவது பழைய பஸ் டிக்கெட்டோ, மாணவர் சலுகை பாஸோ, டெப்போ முன்னால் எடுத்த போட்டோவோ இருந்தால் சங்க அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். அந்த சுந்தரலிங்கனார் டிக்கெட் முழுசாக யாரிடமாவது இருந்தால் நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.